அம்மா சுட்ட பூசணி வில்லை

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினோரு வருடமாக லென்ஸ் தேய்ப்பவர் அவர். பிரேமின் வடிவத்துக்கு லென்ஸின் ஓரத்தை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்த்து, பள்ளத்தில் உட்கார வைத்து, திருகை முடுக்கிக் கொடுக்க வேண்டும். முன்னால் கவுண்டரில் நான். அவசரப்படுகிறவர்களிடம் "நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று வாய்கூசாமல் சொல்லிவிடுவேன். அவர் பின்னறையிலிருந்து தலையை நீட்டி, "நாளைக்கு ஆகாதுங்க, நாளன்னிக்குத்தான்" என்று போட்டு உடைப்பார். கண்மணியின் நடு எங்கே என்று நான் குறித்துக் கொடுக்கும் அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகியிருந்தாலும் சீட்டு திரும்பி வந்துவிடும். அதனால் கடையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பேர் விழுந்தது. கூப்பிடக் கூப்பிட அதுவும் தேய்ந்து மில்லி அக்கா என்றாகிவிட்டது.

மில்லி அக்காவுக்கு முப்பத்தாறு வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கண்ணாடிக்கு வந்தவர்தான். முதல் மனைவி காய்ச்சலென்று படுத்து பத்தே நாளில் போய்விட்டிருந்தார். இரண்டு பிள்ளைகள். அம்மா போனபோது பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்றரை. அக்கா அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது பெரியவளுக்கு ஏழு, சின்னவனுக்கு மூன்றரை. இருவரும் முதல் நாளிலிருந்தே "சித்தி" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

அந்த இரண்டு வருடமும் பிள்ளைகளை வளர்த்தது ரொட்டி, முட்டை, பால், நூடுல்ஸ் நான்கும்தான். அப்பா வேலை முடிந்து கிரீஸ் கையோடு வருவார். எது கொடுத்தால் அழாமல் சாப்பிடுவார்களோ அதைக் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பெரியவளுக்கு வயிறு கல்லாய்க் கட்டிக்கொள்ளும். கழிப்பறையில் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுவாள். சின்னவன் வெளிறிப்போய் இருந்தான். குழந்தை டாக்டர் அக்காவின் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "இந்தப் பிள்ளைங்க காய்கறியை எப்பங்க கடைசியா கண்ணால பாத்தாங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினார். என்ன காய், எப்படி வெட்டியது, எத்தனை வாய் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எழுத ஆரம்பித்தார்.

முதல் ஒரு மாதம் முழுக்கத் தோல்விதான். கீரையை அரைத்து ஆம்லெட்டில் கலந்தால் சின்னவன் அதை நகத்தால் கிளறி, பச்சை இல்லாத இடமே இல்லை என்று தெரிந்ததும் தட்டையே தள்ளிவிட்டான். கேரட்டைத் துருவி நூடுல்ஸுக்குள் ஒளித்தால், நூடுல்ஸை ஒவ்வொன்றாக உறிஞ்சிவிட்டுக் கேரட்டை மட்டும் தட்டின் ஓரத்தில் வரிசை கட்டி வைத்தான். காலிஃபிளவரைக் குட்டி மரங்களாக நட்டு, பட்டாணியைப் பழங்களாகத் தொங்கவிட்டால், "மரத்தை வெட்டக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். இதையெல்லாம் மறுநாள் கடையில் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார் அக்கா.

பெரியவளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். அவள் முகம் சுளிக்கவே மாட்டாளாம். "வேணாம் சித்தி, தேங்க்ஸ்" என்று தட்டை நகர்த்துவாளாம், ஓட்டலுக்கு வந்த ஆள் மாதிரி. அடம் பிடித்து ஒரு அறை வாங்கிக்கொண்டு அழுதிருந்தால்கூடத் தேவலை என்றார் அக்கா.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மஞ்சள் பூசணியைத் துருவிப் பிழிந்து, முட்டையும் மாவும் சீஸும் சேர்த்து, சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டி எண்ணெயில் சுட்டிருந்தார் அக்கா. ஓரம் முறுமுறுவென்று வந்திருந்தது. ஒரு மாதத்தில் அவர் செய்ததிலேயே நன்றாக வந்தது அதுதான். பெரியவள் தட்டைப் பார்த்தாள், குனிந்து மோந்தாள்.

"இது என்ன சித்தி?"

அக்கா காலையிலிருந்து நின்றபடியே இருந்தார். கால் கடுத்தது. "வேணாம் சித்தி, தேங்க்ஸ்" என்ற வார்த்தை அந்தப் பெண்ணின் உதட்டு நுனியில் வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. அதை இன்னொரு தடவை கேட்க முடியாது என்று தோன்றியது.

"இது உங்க அம்மா செய்வாங்களாம்" என்றார்.

பெரியவளின் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. "எங்கம்மாவா? யார் சொன்னா?"

"அப்பா."

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள். இன்னொன்றை எடுத்தாள். அவள் தின்பதைப் பார்த்ததும் தம்பியும் கை நீட்டினான். மில்லி அக்கா திரும்பி நின்று, கழுவிய கரண்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கையில் தட்டில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. "கூட்டத்துல யாரோட பையிலயோ கைய விட்டு எடுத்துட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா எடுத்தது கையில இருக்கே, சந்தோஷமும் இருந்துச்சு" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் பெரியவள் வாசலிலேயே மறித்துக் கேட்டாள். "அப்பா, அம்மா பூசணி வில்லை செய்வாங்களா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணால் கெஞ்சினார். "ம்... ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அந்த மனிதர் இரண்டு வருடமாகப் பிள்ளைகளிடம் அவர்கள் அம்மாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருடைய ஒரே ஒரு போட்டோவும் மேசை இழுப்பறையில் கவிழ்ந்து கிடந்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு அக்கா தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோதும், "சாப்பிட்டாங்கல்ல, விடு" என்று முடித்துவிட்டார்.

அக்காவும் விட்டுவிட்டார்.

ஆனால் அடுத்த வாரம் கீரை சூப் வைத்தபோது பெரியவள் கேட்டாள்: "இதுவும் அம்மாவோடதா?" இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு காயும் அம்மாவின் பேரைச் சொல்லித்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தது. பீட்ரூட்டில் சிவந்த நூடுல்ஸ், அம்மாவோடது. உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்த முட்டைக்கோஸ் கட்லெட், அம்மாவோடது. சாப்பாடு உள்ளே போகப் போகக் கேள்விகளும் வந்தன. அம்மா ஏன் பீன்ஸைச் சாய்வாக வெட்டுவாங்க? இலை மாதிரி தெரியணும்னு. வெட்டும்போது பாட்டுப் பாடுவாங்களா? பாடுவாங்க. பீட்ரூட் வெட்டினா? கையெல்லாம் சிவந்து போகும், அந்தக் கையோட உன் கன்னத்தைத் தொட வருவாங்க, நீ கத்திக்கிட்டு ஓடுவ, வீடே சிரிக்கும்.

"எனக்கே தெரியல, எங்கிருந்து வந்துச்சுன்னு. பொய் சொல்றோம்னே தோணல. பேசப் பேச வந்துச்சு" என்றார் அக்கா.

ஒன்பது மாதத்தில் பிள்ளைகள் எட்டு வகைக் காய் சாப்பிட்டார்கள். பெரியவளின் வயிறு சரியாகிவிட்டது. சின்னவன் கன்னத்தில் ரத்தம் தெரிந்தது. டாக்டர் எழுந்து நின்று கை குலுக்காத குறைதான். எங்கள் கடையிலும் பிள்ளை பெற்ற அத்தனை பேரும் அக்காவைச் சுற்றிக்கொண்டோம். "அந்தப் பூசணி எப்படிக்கா?" என்று நானே இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். என் பையன் அதைத் தூக்கி மீன் தொட்டிக்குள் போட்டான் என்பது வேறு கதை. நாங்கள் புகழும்போதெல்லாம் அக்கா கையை ஆட்டிவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் பின்னறையில் இயந்திரத்தின் சத்தம் மாறியது. போய்ப் பார்த்தேன். அக்கா கையில் ஓரம் சிதைந்த லென்ஸ். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்த்திருந்தார். அத்தனை வருடத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. முகம் செத்துப் போயிருந்தது.

"உடம்பு சரியில்லையாக்கா?"

அவர் இயந்திரத்தை அணைத்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். பூசணி வில்லையிலிருந்து தொடங்கி அன்று காலை வரை.

அன்று காலை பீட்ரூட்டை உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். சின்னவன் பக்கத்தில் வந்து நின்று, சிவந்த கையையே பார்த்துவிட்டு, "எனக்கு ஞாபகம் இருக்கு சித்தி" என்றானாம். "என்னடா ஞாபகம்?" "அம்மா கை. சிவப்பா இருந்துச்சு. என் கன்னத்தத் தொட்டாங்க. சில்லுனு இருந்துச்சு."

"ஒன்றரை வயசுல அம்மாவப் பறிகொடுத்த பையன். அவனுக்கு அம்மான்னா மனசுல ஒண்ணுமே கிடையாது, வெறும் இடம்தான்" என்றார் அக்கா. "அந்த இடத்துல நான் போய் என் இஷ்டத்துக்கு ஒரு பொம்பளைய வரைஞ்சு வெச்சிட்டேன். அவன் அவளத்தான் அம்மான்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். சில்லுனு இருந்துச்சாம். நான் அதச் சொல்லக்கூட இல்ல, அவனே சேத்துக்கிட்டான்."

"நல்லதுக்குத்தானேக்கா சொன்னீங்க" என்றேன்.

"வேற எத்தனையோ வழி இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல? ஒரு மாசம்தான் பாத்தேன். அதுக்குள்ள செத்துப்போனவங்கள இழுத்துட்டு வந்து வேலை வாங்கிட்டேன்."

அதற்கு அடுத்த மாதம் பிள்ளைகளின் பெரியம்மா வந்தார். இறந்து போனவருடைய கூடப் பிறந்த அக்கா. வேறொரு ஊரில் தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. மறுமணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் லீவில் வந்திருந்தார். பிள்ளைகளுக்குக் கை நிறைய வாங்கி வந்திருந்தார். மில்லி அக்காவிடமும் நல்ல விதமாகவே பேசினார்.

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியம்மாவுக்குத் தானே சமைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பூசணியைத் துருவினாள். மாவில் முக்கால்வாசி தரையில். சுடும் வேலையை மட்டும் அக்கா செய்தார். ஒரு வில்லையை வேகும் முன்பே திருப்பி எண்ணெயிலேயே உடைத்துவிட்டாராம்.

"பெரியம்மா, இது அம்மா செய்யுறது! ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"யாரு, உங்கம்மாவா?" என்று பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தார். "பூசணின்னா அவ பத்தடி..." பெரியவளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மில்லி அக்காவைப் பார்த்தார். ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டு, "நல்லாருக்கும்மா" என்றார்.

பாத்திரம் கழுவுகையில் பெரியம்மா அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அக்கா திட்டு வாங்கத் தயாராக நின்றார். பெரியம்மா திட்டவில்லை.

"என் தங்கச்சிக்குச் சமையலே வராது தெரியுமா? காய்கறிய அவளும் தொட மாட்டா. சின்ன வயசுல தட்டுல இருக்கிற பீன்ஸ என் தட்டுல போட்டுருவா, நான்தான் தின்னேன் அத்தனையும்."

"மன்னிச்சிருங்க" என்றார் அக்கா.

"பிள்ளைங்க நல்லா இருக்காங்க, கண்ணால பாக்குறேன். அதுக்கு உங்களக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா நான் எதுக்கு வந்தேன்? அவளப் பத்தி இதுங்ககிட்ட நாலு வார்த்தை பேசலாம்னு வந்தேன். இப்ப நான் வாயத் திறந்தா உங்க பேரு கெட்டுப் போகுது. திறக்காம போனா என் தங்கச்சின்னு ஒருத்தி இருந்ததே இல்லாம போகுது. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போதே அக்கா சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா பூசணி வில்லை செஞ்சதில்ல. நான்தான் பொய் சொன்னேன். நீங்க சாப்பிடணும்னு சொன்னேன்."

பெரியவள் ஸ்பூனை வைத்தாள். "கீரை சூப்பு?"

"அதுவும் நான்தான்."

"பாட்டு?"

"பொய்தான்ம்மா."

"கை சிவப்பானது?"

"அது என் கை. எல்லாமே நான் சொன்னதுதான். தப்பு பண்ணிட்டேன்."

"இல்ல, எனக்கு ஞாபகம் இருக்கு!" என்று சின்னவன் கத்தினான். "அம்மா என்னத் தொட்டாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு!" அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அவனைத் தூக்கப் போனார். அவன் கையை உதறிவிட்டு அப்பாவிடம் ஓடினான்.

பெரியவள் அழவில்லை. "அப்ப எங்கம்மா என்னதான் செஞ்சாங்க?" என்று கேட்டாள்.

அப்பா மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாதான் பதில் சொன்னார். "ரொட்டி சுடுவா. எப்பவும் ஒரு பக்கம் கருகிடும். அந்தக் கருப்பக் கத்தியால சுரண்டிட்டு, தெரியாம இருக்க மேல சர்க்கரையக் கொட்டி உனக்குத் தருவா. 'கருகலப்பா, பொன்னிறம்'னு வேற சொல்லுவா." பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அக்கா செய்த எதையும் அவள் தொடவில்லை. மறுபடியும் ரொட்டி, முட்டை, பால். ரொட்டியைக்கூட அவளே எடுத்துக்கொண்டாள். சித்தி என்று கூப்பிடுவதும் நின்றது. ஏதாவது கேட்க வேண்டுமானால் நேரே எதிரில் வந்து நின்றுகொள்வாள். மூன்றாவது வாரம் மறுபடி வயிறு கட்டிக்கொண்டது. கழிப்பறைக் கதவுக்கு வெளியே அக்கா தரையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே அழும் சத்தம் கேட்கும். "உள்ள வரட்டுமாம்மா?" என்பார். தாழ்ப்பாள் அசையாது.

வீட்டுக்காரருக்கும் கோபம். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. எதுக்குச் சொன்ன?"

அக்கா அந்த வீட்டில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தியது அப்போதுதான். "நீங்க ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் இத்தனை வார்த்தை புளுகியிருக்க மாட்டேன். அவங்க அம்மாவப் பத்தி எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குத்தானே தெரியும்!"

மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே, அவர் சொன்னார்: "உங்கம்மாவுக்கு லிஃப்டுன்னா பயம்." பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். பெரியவளைப் பார்த்தபடி தொடர்ந்தார். "நான் லிஃப்ட் மெக்கானிக். என்னக் கட்டிக்கிட்டு, நம்ம வீட்டுக்கு ஆறு மாடியும் படியேறித்தான் வருவா. நீ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில நாலாவது மாடி. உன்னத் தூக்கிக்கிட்டுப் படியிலதான் இறங்கினா. நான் பையத் தூக்கிக்கிட்டு லிஃப்டுல இறங்கி, கீழ நின்னு காத்துக்கிட்டு இருந்தேன்." அடுத்த நாளும் ஒன்று சொன்னார். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பாள் என்றார். போட்டோவை இழுப்பறையிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜ் மேல் நிறுத்தினார்.

சின்னவன் மட்டும் மாறவில்லை. அப்பா சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வான். கடைசியில், "கையும் சிவப்பா இருக்கும்" என்று சேர்த்துக்கொள்வான். "அது நான் சொன்ன பொய்டா" என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். "தெரியும் சித்தி, நீங்க பொய் சொன்னீங்க. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு" என்கிறான். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவால் என் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. "அத மட்டும் என்னால எடுக்க முடியல" என்பார்.

பெரியவள் அடுக்களைக்கு வர இரண்டு மாதம் ஆனது. அக்கா பீன்ஸ் வதக்கிக்கொண்டிருந்தார். நேராகத்தான் வெட்டியிருந்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது."

"நல்லாருக்குமா?"

"தெரியல. பூண்டு கொஞ்சம் கூடிப் போச்சு."

அவள் வாணலியிலிருந்து ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டாள். "உப்பே இல்ல" என்றாள். அக்கா உப்புப் போட்டார். மூன்று பீன்ஸ் தின்றுவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் கடையில் அக்கா அதைச் சொல்லும்போது மூன்று விரலை நீட்டிக் காட்டினார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் டீ குடிக்கும்போது, பிள்ளைகள் இப்போது எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன்.

"பெரியவ அஞ்சாறு காய் தின்னுறா. சின்னவன் நாலு. கத்தரிக்காய ரெண்டு பேருமே தொடறதில்ல, நானும் கட்டாயப்படுத்துறதில்ல."

"அப்புறம் என்னக்கா, எல்லாம் சரியாயிடுச்சே."

அக்கா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "புதுசா எதாவது வெச்சா இது என்னன்னு கேப்பா. நான் சொல்லுவேன். சொன்ன உடனே வாயில போட மாட்டா. ஒரு நிமிஷம் என் மூஞ்சியப் பாப்பா. நான் சொல்றது நிஜமான்னு பாக்குறா. அப்புறம்தான் சாப்பிடுவா."

"இன்னுமா?"

"இன்னும்தான். பாக்கட்டும். நான் திரும்பிக்கிறதில்ல, அப்படியே நின்னு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். பின்னறையில் நான்கு ஜோடி லென்ஸ் காத்திருந்தன.